அப்பாவின் வருசப் பூசையில் ஒரு ஜப்பான் குழல்

1

எங்கள் நகரப் பாட்டுக்குழுவை நடத்துபவர் மொரிதா அம்மா. போன வாரம் ஒத்திகை முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். ஊரில் என் அப்பாவின் வருசப் பூசையில் பாடியதை என் மகள் எமி கைபேசியில் எடுத்திருந்தாள். அதை என் கணவர் ஹிரோஷி அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். இலையுதிர் காலக் கச்சேரியில் அதை நாமும் பாடலாமா என்று கேட்டார். கூடவே, அது எப்படி உருவானது என்று நிகழ்ச்சித் தாளில் போட ஐந்தாறு வரி எழுதித் தர வேண்டுமாம்.

"சிரமம் கொடுக்கிறேன். அவசரமே இல்லை" என்றார். ஜப்பானில் அவசரமே இல்லை என்றால் அடுத்த ஒத்திகைக்குள் என்று பொருள்.

உட்கார்ந்து பார்த்தேன். 'என் தந்தையின் நினைவாக' என்று ஒரு வரி வந்தது. பொய் இல்லை. ஆனால் அதில் என் அண்ணன் இல்லை. அண்ணனைப் பற்றி எழுதப் போனால் ஜப்பானிய மொழியில் எங்கே தொடங்குவது என்றே பிடிபடவில்லை. அதனால் முதலில் தமிழில், ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். பாலக்கோடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதுவே எனக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி.

2

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு என்று வந்தவள் நான். காலையில் போனதும் கைகழுவி, கையுறை மாட்டி, யார் இரவு தூங்கினார், யார் தூங்கவில்லை என்று கேட்டுக்கொண்டு வேலை தொடங்கும். எழுப்பி உட்கார வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது. வந்த புதிதில் மொழி வராமல் நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். வாய் திறந்தால் தப்பு வந்துவிடும் என்ற பயம். அந்த வருடம்தான் பாட்டுக்குழுவில் சேர்ந்தேன். அங்கே தாளைப் பார்த்துப் பாடினால் போதும், பேச வேண்டாம்.

பாட்டு எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் நாலு பாகம் பிரித்துப் பாடுவார்கள். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல். ஆண்களில் மேல்குரல், கீழ்க்குரல். எந்தக் காலத்திலோ வந்த வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் பழக்கிவிட்டுப் போனது. அப்பா ஆண்களில் கீழ்க்குரல். தக்காளிக் காட்டில் மருந்தடித்துவிட்டு அப்படியே குளித்துவிட்டு ஒத்திகைக்கு வருவார். அண்ணன் அருள் கீபோர்டு. பின்னால் அவனே குழுவை நடத்தவும் ஆரம்பித்தான். நான் பெண்களில் கீழ்க்குரல்.

மொரிதா அம்மா அப்போது ஒரு புது முயற்சியில் இறங்கியிருந்தார். பழைய பாணியில் ஐந்து வரிக் கவிதை ஒன்றை ஒருவர் வாசிக்க, கீழே குழு வாய் மூடி நாலு பாகத்தில் ரீங்கரிக்க, மேலே ஷாகுஹாச்சி ஒலிக்க வேண்டும். ஷாகுஹாச்சி என்பது மூங்கிலின் வேர்ப்பக்கத்தோடு வெட்டிச் செய்த குழல். நம் புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடிப்பதில்லை. நட்டுக்குத்தாகப் பிடித்து மேல் விளிம்பில் ஊத வேண்டும். ஐந்தே துளை. நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்த ஹிரோஷி அதை வாசிப்பார் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

ஒட்டவே இல்லை. குழு கையசைவைப் பார்த்துப் பாடும். அவர் தன் மூச்சைப் பார்த்து ஊதுவார். மூச்சு முடிகிற இடத்தில்தான் அவருக்கு வரி முடியும். மொரிதா அம்மா ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பார், அவர் இன்னும் முதல் சுரத்திலேயே இருப்பார். பிறகு எல்லோரிடமும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்பார். சொல்வது எதுவும் புரியாத நான் அவருடைய தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு இழுக்கும்போது தோள் லேசாக ஏறும். அது ஏறும்போது பாட ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்து ஆரம்பித்தார்கள். அன்று முதல் தடவையாக அது ஒரு பாட்டு மாதிரி கேட்டது. ஒத்திகை முடிந்ததும் அவர் வந்து ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு 'தோள்' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது.

3

கல்யாணத்துக்கு அப்பா பெரிதாக மறுப்புச் சொல்லவில்லை. "மாப்ளைக்குத் தமிழ் தெரியாதா? நல்லதாப் போச்சு. எங்கூடச் சண்டை வராது" என்றார். ஊருக்கு வந்தபோதெல்லாம் ஹிரோஷியைப் பாலக்கோடு தக்காளி மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போவார். இருவரும் கவிழ்த்துப் போட்ட கூடைகள் மேல் உட்கார்ந்து லாரியில் சரக்கு ஏறுவதைப் பார்ப்பார்கள். டீ குடிப்பார்கள். திரும்பி வருவார்கள். "என்ன பேசிக்கிட்டீங்க?" என்று அம்மா கேட்டால் "என்னத்தப் பேசறது, நல்லாப் பொழுது போச்சு" என்பார்.

பிறகு அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவேன். நான் பேசப் பேச அவர் முகம் பேச முயன்று கோணும். பார்க்க முடியாது. ஒரு ஞாயிறு ஹிரோஷி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழலை எடுத்து ஊதினார். ஒரே ஒரு நீளமான வரி. அது முடிகிற இடத்தில் அப்பா மூக்கால் ரீங்கரித்தார். தாழ்ந்த ஒரு சுரம். அவருடைய பழைய கோயில் குரல்.

எங்கள் இல்லத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. சொந்தப் பேர் வராது, பள்ளிக்கூடப் பாட்டு முழுசாக வரும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் நான் எழுந்து குளியலறைக்குப் போய் அழுதேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அது நடந்தது. இவர் ஊத, அவர் ரீங்கரிக்க. அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது அண்ணன். திரையின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் மட்டும் தெரியும்.

அப்பா இறந்தபோது நான் போகவில்லை. போக முடியவில்லை. ஹிரோஷிக்கும் எமிக்கும் ஒரு பாஸ்போர்ட், எனக்கு வேறு. எல்லா விமான நிலையத்திலும் அவர்கள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. அலுத்துப்போய் ஜப்பான் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அது கிடைத்தது. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். ஒப்படைத்ததற்கான சான்றிதழ் வந்தால்தான் இந்தியாவுக்கு விசா. சான்றிதழ் வருவதற்குள் அப்பா போய்விட்டார். சாவுக்குப் போக வேண்டும் என்று போனில் கெஞ்சினேன். மறுமுனையில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "எனக்குப் புரியுதும்மா, ஆனா சிஸ்டத்துல வரலையே" என்றார். அடக்கத்தை போனில் பார்த்தேன். அன்று போனைப் பிடித்திருந்தது வேறு யாரோ. படம் ஆடிக்கொண்டே இருந்தது.

4

அப்பா போன மூன்றாம் மாதம் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். அண்ணன் அப்பாவின் கட்டில் பக்கத்திலிருந்து அம்மாவின் கட்டில் பக்கத்துக்கு மாறினான், அவ்வளவுதான். அவன் அரசுப் பள்ளியில் ஆசிரியர். அண்ணிக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறு வந்து போவாள். மற்ற நாளெல்லாம் அவன் ஒருவனே.

என்னிடம் அவன் பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தான். ஒரு நாள் அவனே கூப்பிட்டான். "அப்பாவுக்கு வருசப் பூசை வெக்கறோம். முடிஞ்சா வாங்க."

தங்கச்சிக்கு 'வாங்க'. எங்கள் பக்கத்தில் மரியாதை தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அண்ணன் எனக்கு மரியாதை கொடுத்தான் என்றால் மனசு முறிந்துவிட்டது என்று அர்த்தம்.

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "மாப்ளைய அந்தக் கொழலை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. பூசையில ஊதட்டும்."

"கோயில்ல அதெல்லாம் சரிப்படாதும்மா."

"உங்கப்பன் காதால கேட்டதுடா. ஊதட்டும்."

பெங்களூர் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் ஜப்பான் பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கு வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவின் நினைவுநாள் என்றேன். விசாவில் சுற்றுலா என்று போட்டிருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன். சுற்றுலா என்றே முத்திரை விழுந்தது.

கார் ராயக்கோட்டை தாண்டியதும் எமி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜப்பானியத்தில் பதில் சொல்வாள். சில வருடமாக நானும் தமிழில் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். சோர்வுதான் காரணம், வேறொன்றுமில்லை.

5

ஒத்திகை முதல் நாளே எல்லாம் கோணல். பங்குச் சாமியார் எமியைப் பார்த்துச் சிரித்து "நல்லா இருக்கியாம்மா?" என்றார். அவள் ரொம்ப மரியாதையாகக் குனிந்து, "நல்லா இருக்கேன் சாமி. நீ சாப்டியா?" என்றாள். பெண்கள் வரிசையே சிரித்தது. ஜப்பானியத்தில் பெரியவர்களிடம் ஒரு வினைச்சொல் தப்பமாட்டாள். நான் சொல்லிக் கொடுக்காத '-ங்க' அன்று கோயிலில் வைத்து என்னைப் பார்த்தது.

எனக்கும் நாக்கு பிசகியது. அண்ணன் "ரெண்டாவது வரியில கீழ்க்குரல் கொஞ்சம் மெதுவா" என்றபோது, வேலை பார்க்கும் பழக்கத்தில் "ஹாய், ஹாய்" என்றேன். ஜப்பானியத்தில் அது 'சரிங்க'.

"என்ன ஹாய்? காலையில இருந்து இங்கதானே இருக்கறீங்க?" என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

சுருதி ஒரு தொல்லை. ஹிரோஷியின் குழல் கீபோர்டின் எந்தக் கட்டைக்கும் சரியாகச் சேரவில்லை. அண்ணன் பொத்தானை அழுத்தி அழுத்தி ஏற்றி இறக்கி ஒரு வழியாக ஒட்ட வைத்தான். ஆனால் அவர் மூச்சுக்கு ஒரு பொத்தானும் இல்லை.

"மாப்ள, எட்டு எண்ணுவேன். எட்டு முடிஞ்சதும் நிறுத்தணும். நிறுத்துனாத்தான் குழு எடுக்கும். எட்டு... எய்ட்டு."

ஹிரோஷி தலையாட்டினார். ஊதினார். எட்டு முடிந்தும் மூச்சு முடியவில்லை. குழு நுழைந்து, சுரம் மோதி, நாராசமாக நின்றது. ஹிரோஷி குனிந்து மன்னிப்புக் கேட்டார். மறுபடி. மறுபடியும். எனக்கு ஜப்பானில் முதன்முதலில் ஒத்திகை பார்த்த மண்டபம் ஞாபகம் வந்தது. அவர் தோளைப் பார்த்தால் போதும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். '-ங்க' போட்டுப் பேசுகிறவனிடம் எதைச் சொல்வது?

வாசிப்பதற்கு ஹிரோஷி ஒரு கவிதை எழுதியிருந்தார், அவர்களுடைய ஐந்து வரிக் கணக்கில். நான் அதைத் தமிழில் மாற்றிக் கொடுத்தேன்.

தக்காளிக் கூடைகள் ஏறி
லாரி போய்விட்டது.
அதன் பிறகும்
நாங்கள் இருவரும்
சாலையைப் பார்த்தபடி.

இரண்டாம் நாள் ஒத்திகை முடிந்து குழுவினர் போன பிறகு, அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் படித்தான். "இதுல சாமி எங்க இருக்குது? மோட்சம் எங்க? வெறும் லாரிதான் இருக்குது."

"அவருக்குத் தெரிஞ்ச அப்பா அவ்வளவுதானுங்க அண்ணா."

"அதேதான். லாரி பார்த்த அப்பாதான் உங்களுக்குத் தெரியும்." அவன் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க ஊதுவீங்க. நான் போனைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். ஊதி முடிச்சுட்டு நீங்க வெச்சுடுவீங்க. அப்புறம் அவருக்குத் துணி மாத்தணும். நீ அங்க சம்பளத்துக்கு எவனோட அப்பனுக்கோ கழுவிக்கிட்டு இருந்த, மேரி. உன் அப்பனுக்கு நான் கழுவுனேன்."

 அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஹிரோஷி கையில் குழலோடு எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எமியிடம், மாமா என்ன சொல்கிறார் என்று ஜப்பானியத்தில் கேட்டார்.

இவளுக்கு என்ன புரிந்திருக்கப்போகிறது என்று நினைத்தேன். எமி மாமாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்: "மாமாவுக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது என்கிறார். நெடுநாளாக."

அவள் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. எத்தனை வருடமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

6

பூசையன்று கோயில் நிறைந்திருந்தது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வைத்திருந்தோம். ஹிரோஷி வேட்டி கட்டி, பீடத்துக்குப் பக்கவாட்டில் நின்றார். நற்கருணை முடிந்த பிறகு அந்தப் பாட்டு.

அவர் ஊத ஆரம்பித்தார். முதல் வரி, அந்த நீளமான வரி. அண்ணன் கீபோர்டுக்குப் பின்னால் நின்று வலது கையைத் தூக்கினான். அவன் உதடு எண்ணுவதை நான் பார்த்தேன். எட்டு வந்தது. கை இறங்கவில்லை. குழு மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தது. மூங்கில் ஒலி மெலிந்து, காற்றாகி, நின்றுபோனது. கோயிலே அமைதி. ஏதோ தப்பாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஹிரோஷி மறுபடி மூச்சு இழுத்து அதே வரியை ஊதினார். அண்ணன் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டான். எண்ணுவதை நிறுத்திவிட்டான். தலை குனிந்துகொண்டான். வரி முடிகிற இடத்தில், முடிந்தும் முடியாத இடத்தில், அவனே வாய் மூடி ரீங்கரித்தான். அப்பாவின் சுரம். அப்பா நுழைகிற அதே இடம்.

அந்த இடம் எங்கே என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் சரியாகத் தெரியும். போனில் எனக்குக் கேட்டது தாமதித்து வந்த குரல். அவன் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டவன்.

அம்மா சட்டென்று தலையைத் திருப்பி, ஆண்கள் கீழ்க்குரல் வரிசையைப் பார்த்தாள். யாரைத் தேடினாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் அந்த வரிசை ஆண்கள் அண்ணனோடு சேர்ந்துகொண்டார்கள். அடுத்த மூச்சில் நாங்கள். அதற்கடுத்த மூச்சில் மற்ற இரண்டு குரலும். யாரும் கையைப் பார்க்கவில்லை. எமி, பதிவாகிக்கொண்டிருந்த கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து, கவிதையை முதலில் அவள் அப்பாவின் மொழியில் படித்தாள், பிறகு தமிழில். 'சாலையைப் பார்த்தபடி' என்பதை 'ச்சாலை' என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மொரிதா அம்மா கேட்ட பாட்டு இதுதான். தாளில் எழுதி வைத்த பாட்டு கிடையாது. எமியின் பதிவில் முதல் இரண்டு வரிக்கு நடுவில் ஒரு நீண்ட வெற்றிடம் இருக்கும். அது கைபேசியின் கோளாறு என்று அவர் நினைத்திருக்கிறார்.

7

சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, பாத்திரங்கள் குழாயடியில் குவிந்திருந்தன. அண்ணன் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான். "மேரி, கொஞ்ச நாள் இருக்கறியா? என்னால முடியல."

'இருக்கறியா.' நான் சரி என்றேன்.

இல்லத்துக்குப் போன் செய்தேன். அவ்வளவு நீண்ட விடுப்பு விதியில் இல்லை, ராஜினாமா செய்துவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள், மிகப் பணிவாக. செய்தேன். ஹிரோஷியும் எமியும் பள்ளி திறக்குமுன் கிளம்பினார்கள். "அம்மா கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்வேன்" என்றாள் எமி. உண்மையாகவே பார்த்துக்கொண்டாள். மதிய உணவுப் பெட்டியைத் தானே கட்டப் பழகிவிட்டாள். முதல் வாரம் தினமும் பேசினாள், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு படம் மட்டும் அனுப்பினாள். நான் இல்லாமல் அந்த வீடு நடக்கிறது என்பது நிம்மதியாகவும் இருந்தது, எங்கோ குத்தவும் செய்தது.

அண்ணனால் ஆரம்பத்தில் கையை எடுக்க முடியவில்லை. நான் அம்மாவைப் புரட்டிப் போடும்போது வாசற்படியில் வந்து நிற்பான். "அப்படிப் புடிக்காத, அம்மாவுக்கு எடது பக்கம் சுளுக்கும்." "இறுக்கிப் புடிக்கலைங்க அண்ணா, அடியில கை குடுத்துத் தாங்கறேன்." "தண்ணி சூடு பார்த்தியா?" "பார்த்தேன்." பள்ளியில் இடைவேளைக்குப் போன் செய்து மாத்திரை கொடுத்தாயா என்பான். நான் எரிந்து விழுந்ததும் உண்டு. ஒரு நாள் அம்மாவே, "டேய், அவ இதத்தான வேலையாப் பார்க்கறா, போடா" என்று அதட்டினாள். அந்த வார்த்தையும் எனக்கு வலித்தது, ஆனால் அவள் நல்ல எண்ணத்தில் சொன்னது.

விசா முடிந்து நான் கிளம்பும்போது அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தாள். பகலில் வந்து பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியை ஏற்பாடு செய்தோம். அடுத்த வருடமும் நான் போக வேண்டும். அதற்குள் இங்கே மறுபடி வேலை, மறுபடி விடுப்புப் பேச்சு, மறுபடி விசா. நினைத்தால் இப்போதே அலுப்பாக இருக்கிறது. அலுத்தாலும் போவேன்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை. அண்ணன் பள்ளியிலிருந்து மதியம் வந்து, சாப்பிட்டுவிட்டு, அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்தான். சட்டைகூடக் கழற்றவில்லை. நான் அடுப்படியை ஒழித்துவிட்டு வந்து பார்த்தபோது, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மின்விசிறி அவன் தலைமயிரை ஆட்டிக்கொண்டிருந்தது. நரைத்திருந்தது. அதுவரை நான் கவனிக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் வாசலில் குரல்கள். "சார்... அருள் சார்..." ஞாயிறு பூசைக்கு ஒத்திகை. நான் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன்.

"சார் தூங்கறாருங்க."

"சாரா? பகல்லயா?" என்றார் கீழ்க்குரலில் பாடும் சின்னப்பன். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை என்பது போல உள்ளே எட்டிப் பார்க்க முயன்றார். "எழுப்பட்டுங்களா?"

"வேண்டாங்க. வாங்க, நான் வர்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கோயிலுக்குப் போனேன். கீபோர்டு துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு வலது கை மட்டும்தான் ஓரளவு வரும். ஒவ்வொரு குரலுக்கும் அதனதன் சுரத்தை ஒற்றை விரலால் கொடுத்தேன். தப்புத் தப்பாகத்தான் போயிற்று. பொறுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. உள்ளே காலெடுத்து வைத்தேன். கட்டிலில் அம்மா விழித்தபடி படுத்திருந்தாள். அருகில் தரையில் அவன் அதே வாக்கில் கிடந்தான், போர்வை மட்டும் மேலே விழுந்திருந்தது. அவள் தன் போர்வையை இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறாள். அந்த இடுப்போடு எப்படிப் புரண்டாளோ தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, விளக்கைப் போடாதே என்று கையை ஆட்டினாள்.

நான் அப்படியே பின்னால் நகர்ந்து, கதவைச் சாத்தி, வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.